கம்ப்யூட்டர் எழுந்திருக்க மாட்டேங்குதா? – சேஃப் மோட், பூட் மெனு பற்றி ஒரு பாடம்



லேப்பில் கணினியை ஆன் செய்ததும் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நாலைந்து வரிகள் வந்து, நாம் படிப்பதற்குள் ஓடி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். சில நாள் மறையாமல் அப்படியே நிற்கும். உடனே பின்வரிசையிலிருந்து "சார், சிஸ்டம் போச்சு சார்!" என்று ஒரு குரல் வரும். போகவில்லை நண்பர்களே. நம்மிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கிறது. அந்த வரிகளுக்குப் பெயர் பூட் மெனு. அதில் வரும் 'சேஃப் மோட்', 'ரெக்கவரி மோட்' என்றால் என்ன, அவற்றை ஏன் அப்படி அமைத்தார்கள், நாமே ஒரு மெனு அமைத்தால் எப்படி அமைக்கலாம் என்பதுதான் இந்த இதழின் கணினிப் பாடம். கொஞ்சம் பெரிய கட்டுரைதான். காலை இடைவேளையில் பாதி, மதியம் மீதி என்று நின்று படியுங்கள்.

எழுந்திருக்கும் வரிசை

பட்டனை அமுக்கியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கும் பயாஸ். புதிய கணினிகளில் அதற்குப் பதில் யூஇஎஃப்ஐ. நினைவகம், கீபோர்டு, வன்வட்டு எல்லாம் வந்திருக்கிறதா என்று அது அட்டெண்டன்ஸ் எடுக்கும். பிறகு வட்டிலிருந்து பூட் லோடர் என்ற சின்ன நிரலைக் கூப்பிடும். பூட் லோடர், இயக்க அமைப்பின் மையப்பகுதியான கெர்னலை நினைவகத்தில் ஏற்றும். கெர்னல் ஒவ்வொரு வன்பொருளுக்கும் உரிய டிரைவரைக் கூப்பிடும். டிரைவர் என்றால் அந்தக் கருவியோடு பேசத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் வந்த பிறகுதான் டெஸ்க்டாப் தெரியும்.

தகராறு பெரும்பாலும் எங்கே வருகிறது? டிரைவர் வரும் இடத்தில்தான். ஏனென்றால் கெர்னலை எழுதியவர்கள் ஒரு குழு. கிராபிக்ஸ் கார்டின் டிரைவரை எழுதியவர்கள் இன்னொரு கம்பெனி. பிரிண்டர், வைஃபை எல்லாம் வேறு வேறு ஆட்கள். இத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே வண்டியில் ஏறும்போது ஒருத்தர் தடுக்கினாலும் வண்டி நிற்கும். அதனால்தான் பூட் மெனுவை பூட் லோடரிலேயே வைத்தார்கள். தகராறு செய்யக்கூடிய யாரும் இன்னும் வந்து சேராத கடைசி இடம் அது. கண்மாய் வெட்டும்போதே கலிங்கும் சேர்த்துக் கட்டினார்களே, அதே புத்திதான். வெள்ளம் வந்த பிறகு கலிங்கு கட்ட முடியாது.

சிம்னி விளக்கு தத்துவம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது நம் மாவட்டத்தில் யாருக்கும் மறந்திருக்காது. ஆலங்குடி, அறந்தாங்கி, கீரமங்கலம் பக்கமெல்லாம் தென்னை, பலா, மின்கம்பம் எல்லாம் சேர்ந்தே சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. வீட்டில் டியூப்லைட், எல்இடி, இன்வெர்ட்டர் எல்லாம் இருந்தும் ராத்திரி வெளிச்சம் கொடுத்தது பரண்மேல் கிடந்த சிம்னி விளக்கும் மெழுகுவர்த்தியும்தான். விளக்கில் படிப்பது கஷ்டம்தான், கண் வலிக்கும். ஆனால் அதற்குக் கம்பம் வேண்டாம், டிரான்ஸ்பார்மர் வேண்டாம். எதையும் நம்பி அது இல்லை.

சேஃப் மோடும் இதே கணக்குதான். பள்ளிக்கூட நாளில் தேவைப்படும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, எழுந்து நிற்க மட்டும் என்ன வேண்டுமோ அதை மட்டும் ஏற்றுவது. விண்டோஸின் சேஃப் மோடில் கிராபிக்ஸ் கார்டு கம்பெனி கொடுத்த டிரைவரைக் கூப்பிடாது. பழைய, பொதுவான டிரைவரைத்தான் கூப்பிடும். அந்தப் பொதுவான முறைக்கு விஜிஏ என்று பெயர். 1987-ல் ஐபிஎம் கம்பெனி தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்தது. குறுக்கே 640, நெடுக்கே 480 புள்ளிகள், 16 நிறங்கள். அதற்குப் பிறகு எத்தனையோ கார்டுகள் வந்துவிட்டன. ஆனாலும் பிற்காலத்துக் கார்டுகளும் இந்தப் பழைய பாஷையை மறக்காமல் வைத்திருந்தன. விண்டோஸ் 95, 98-ல் சேஃப் மோடில் எல்லா ஐகானும் பூதாகாரமாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். திரை கெட்டுப்போகவில்லை, விளக்கை மாற்றியிருக்கிறார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். சேஃப் மோடில் திரையின் நான்கு மூலையிலும் 'சேஃப் மோட்' என்று எழுதியிருக்கும். அழகுக்காக இல்லை. சத்தம் வரவில்லை, பிரிண்டர் ஓடவில்லை என்றால் நாம் பதறக் கூடாது. "நீ இப்போது விளக்கு வெளிச்சத்தில் இருக்கிறாய்" என்று நாலு பக்கமும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நல்ல மெனு அமைப்பவர் இதை மறக்கவே கூடாது என்பது என் கருத்து. குறைத்து ஓட்டினால், குறைத்திருக்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும்.

ஒரு கவர்மெண்டு லேப்டாப்பின் கதை

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. ஆரம்பத்தில் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் என்று இரண்டு இயக்க அமைப்புகள் சேர்ந்தே வந்தன. பாஸ் என்பது நம் இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது, டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. இரண்டு அமைப்புகள் இருந்ததால் ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும் மெனு ஒன்று வந்தது. நிறைய பேர் அந்த மெனுவைத் தொந்தரவாகத்தான் நினைத்தார்கள்.

எங்கள் தெருவில் ஓர் அக்காவிடம் அப்படி ஒரு லேப்டாப் இருந்தது. ஒருநாள் விண்டோஸ் லோகோ வந்து, அப்புறம் கருப்புத் திரை, அவ்வளவுதான். கல்லூரி புராஜெக்ட், தம்பி காதுகுத்துப் போட்டோ எல்லாம் அதற்குள். வேறு நகல் கிடையாது. கடையில் கேட்டதற்கு, "ஃபார்மேட் போட்டாத்தான் சரியாகும், உள்ள இருக்கிறது போயிடும்மா" என்று சொல்லிவிட்டார்களாம். அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

வன்வட்டு கெட்டால்தான் கோப்புகளுக்கு ஆபத்து. இங்கே வட்டு நன்றாக இருந்தது, லோகோ வரைக்கும் வருகிறதே! அதே மெனுவில் இரண்டாவது வரியான லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் அது தன் சொந்த டிரைவர்களோடு எழுந்து வந்தது. விண்டோஸ் இருந்த பகுதியும் உள்ளே ஒரு ஃபோல்டர் மாதிரித் தெரிந்தது. பென் டிரைவில் எல்லாவற்றையும் நகல் எடுத்தாயிற்று. பிறகு ரீஸ்டார்ட் செய்து, மெனுவில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்த உடனே எஃப்8 விசையைத் தட்டி சேஃப் மோட். உள்ளே போய்ப் புதிதாக ஏறியிருந்த கிராபிக்ஸ் டிரைவரை நீக்கியதும் விண்டோஸ் பழையபடி வந்தது. ஃபார்மேட் தேவையே இல்லை. தொந்தரவு என்று நினைத்த மெனுதான் அக்காவுக்குக் கை கொடுத்தது. ஒரே வண்டியில் இரண்டு டிரைவர் இருந்த மாதிரி!

வன்பொருளை ஒவ்வொன்றாக நிறுத்துவது

'சேஃப் மோட்' என்பது ஒரே சுவிட்ச். மெயினை அணைத்த மாதிரி. அதை விட நுட்பமானது, ஒவ்வொரு வன்பொருளுக்கும் தனித்தனி சுவிட்ச் வைப்பது. லினக்ஸில் இது கெர்னலுக்குச் சொல்லும் சின்னச் சின்ன வார்த்தைகளாக இருக்கும். பூட் மெனுவில் (அங்கே அதற்கு கிரப் என்று பெயர்) ஒரு வரியின் மேல் நின்று 'இ' விசையை அமுக்கினால் உள்ளே எழுதியிருப்பது தெரியும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடம் விட்டு 'நோமோட்செட்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் சேர்த்து (என், ஓ, எம், ஓ, டி, இ, எஸ், இ, டி) எஃப்10 அமுக்கினால், திரையின் அளவை மாற்றும் வேலையைக் கெர்னல் தொடாது. கருப்புத் திரை வியாதிக்கு முதல் மருந்து இது.

இங்கே கவனிக்க வேண்டியது: இப்படிச் சேர்த்தது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். ரீஸ்டார்ட் செய்தால் மறைந்துவிடும். இது ரொம்ப நல்ல ஏற்பாடு. தப்பாக எதையாவது எழுதினாலும் அடுத்த தடவை பழையபடி வந்துவிடும். பயப்படாமல் சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்ற இடத்தில் 'சேஃப் பூட்' டிக் போட்டால் அப்படி இல்லை. டிக்கை எடுக்கும் வரை ஒவ்வொரு தடவையும் சேஃப் மோடிலேயே வரும். ஏற்கெனவே குழம்பியிருக்கிறவரை இன்னும் குழப்பும். மெனுவில் எடுத்த முடிவு ஒரு தடவைக்கு என்றால் ஒரு தடவைக்குத்தான் இருக்க வேண்டும்.

அடுத்து ஏசிபிஐ. மின்சாரம், பேட்டரி, விசிறி, தூக்க நிலை இதையெல்லாம் கவனிக்க 1996-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா சேர்ந்து கொண்டுவந்த ஏற்பாடு. இதற்கான அட்டவணைகளை மதர்போர்டு செய்பவர்தான் எழுதுகிறார். அவர் எழுதியதில் தப்பு இருந்தால், நம் இயக்க அமைப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தடுக்கி விழும். அப்போது ஏசிபிஐ-யை நிறுத்திப் பார்ப்பார்கள். ஆனால் இலவசமாக ஒன்றும் கிடைக்காது. நிறுத்தினால் பேட்டரி அளவு தெரியாமல் போகலாம். ஷட்டவுன் கொடுத்த பிறகும் மெஷின் தானாக அணையாமல் நிற்கலாம். சில கணினிகளில் ஒரு கோர் மட்டுமே வேலை செய்யும். நாலு மாடு பூட்ட வேண்டிய இடத்தில் ஒரு மாடு.

இந்த விலையை மெனுவிலேயே எழுதி வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கிட்டத்தட்ட அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஹைக்கூ என்று ஓர் இயக்க அமைப்பு. (மூன்று வரிக் கவிதை இல்லைங்க, தமிழ் ஐயா மன்னிக்கவும்!) பீஓஎஸ் என்ற பழைய அமைப்பை நடத்திய கம்பெனி 2001-ல் விற்கப்பட்டபோது, அதை விரும்பியவர்கள் தாங்களே திரும்ப எழுதத் தொடங்கியது இது. பயாஸ் கணினியில் அது தொடங்கும்போது ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டிருந்தால் மெனு வரும். சேஃப் மோட், எளிய கிராபிக்ஸ் டிரைவர், ஏசிபிஐ நிறுத்து, பல கோர்களை நிறுத்து, பயன்படுத்துபவர் சேர்த்த கூடுதல் நிரல்களை நிறுத்து என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். டிக் போடலாம், எடுக்கலாம். ஒரு வரியில் போய் நின்றால் அது என்ன செய்யும் என்று கீழே சிறு விளக்கம் தெரியும். படிக்கத் தெரிந்தால் போதும், இன்ஜினியராக இருக்க வேண்டியதில்லை.

எட்டுச் சுவிட்ச், மூன்று சோதனை

கட்டங்கள் எட்டு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றிலும் டிக் போட்டால் கணினி எழுகிறது. டிக் இல்லாவிட்டால் எழவில்லை. குற்றவாளி எது? ஒவ்வொன்றாகச் சோதித்தால் அதிகபட்சம் ஏழு தடவை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பழைய கணினி என்றால் ஒரு பீரியடே போய்விடும்.

பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்கள், அக்காக்கள் படிக்கும் பைனரி சர்ச்சை இங்கே போடலாம். முதலில் நாலில் மட்டும் டிக். எழுந்தால் குற்றவாளி அந்த நாலில். எழாவிட்டால் மற்ற நாலில். அடுத்து அந்த நாலில் இரண்டு. அடுத்து ஒன்று. மூன்றே சோதனை! பதினாறு இருந்தாலும் நாலு சோதனைதான். கணக்கு நோட்டில் மட்டுமே இரண்டின் அடுக்குகளைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு நேரடிப் பயன். ஆனால் ஒரு எச்சரிக்கை: குற்றவாளிகள் இரண்டு பேர் என்றால் இந்த வழி ஏமாற்றிவிடும். மூன்று சோதனையிலும் விடை முன்னுக்குப் பின் முரணாக வந்தால், பொறுமையாக ஒவ்வொன்றாகப் போவதே மேல்.

மெனுவை எப்போது காட்டுவது?

இது எளிய கேள்வி மாதிரித் தெரியும். மெனு அமைப்பவரைத் தூங்கவிடாத கேள்வி இதுதான். தினமும் காட்டினால் தொந்தரவு. ஒளித்து வைத்தால் தேவைப்படும்போது கிடைக்காது.

விண்டோஸில் எஃப்8 விசையைத் தட்டினால் மெனு வரும் என்பது பல வருடம் ஊரறிந்த விஷயம். விண்டோஸ் 8 வந்தபோது அதை வழக்கமான அமைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏன் என்று 2012-ல் மைக்ரோசாஃப்ட்காரர்களே விளக்கினார்கள். புதிய கணினிகள் அவ்வளவு வேகமாக எழுந்ததால், எஃப்8-ஐக் கவனிக்கக் கிடைத்த நேரம் 200 மில்லி நொடிக்கும் குறைவு. அவர்கள் அலுவலகத்தில் வேகமாக விசை தட்டக்கூடியவர்களே 250 மில்லி நொடிக்கு ஒரு தட்டுதான் தட்டினார்களாம். வேகம் கூடியதால் கதவு சாத்திக்கொண்டது! அதனால் ஷிஃப்ட் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுப்பது என்று புது வழி வைத்தார்கள். சரி, விண்டோஸே உள்ளே வரவில்லை என்றால் ரீஸ்டார்ட் பட்டனுக்கு எங்கே போவது? அதற்குத்தான், தொடர்ந்து இரண்டு தடவை எழ முடியாமல் போனால் பழுதுபார்க்கும் திரை தானாக வரும்படி செய்தார்கள்.

'போன தடவை எழவில்லை' என்பது கணினிக்கு எப்படித் தெரியும்? இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. உபுண்டு லினக்ஸில் கிரப் செய்வதைப் பாருங்கள். லேப் சாவி நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சாவி எடுக்கும்போது பெயர் எழுதுகிறோம். திருப்பிக் கொடுக்கும்போது அடிக்கிறோம். அடிக்காத பெயர் இருந்தால் சாவி திரும்பவில்லை என்று அர்த்தம். அதே மாதிரி கிரப் தொடங்கும்போது வட்டில் 'ரெக்கார்ட்ஃபெயில்' என்று ஒரு குறி போடும். அமைப்பு நல்லபடியாக எழுந்துவிட்டால் அந்தக் குறியை அழித்துவிடும். அடுத்த தடவை குறி அப்படியே இருந்தால், "போன தடவை ஏதோ நடந்திருக்கிறது" என்று மெனுவைத் திறந்து காட்டும். பெரிய மூளை ஒன்றும் இல்லை, ஒரே ஒரு குறி!

நம் ஊரில் இதற்கு ஒரு பக்க விளைவு உண்டு. பாதி எழுந்துகொண்டிருக்கும்போது ஈபி கரண்ட் போய், யூபிஎஸ்-ஸும் கைவிட்டால் குறி அழியாமலே நிற்கும். கணினி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மெனு வந்து நிற்கும். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன "சிஸ்டம் போச்சு சார்" பல நாள் இதுதான். முன்பு அந்த மெனு யாராவது விசை அமுக்கும் வரை காலவரம்பே இல்லாமல் நின்றது. மானிட்டரே இல்லாத சர்வர்கள் கேட்பாரற்று நின்றன. பிறகு 30 நொடி காத்திருந்து தானாகத் தொடங்கும்படி மாற்றினார்கள். ஆகவே மெனுவைப் பார்த்தால் ரீசெட் பட்டனைத் தேடாதீர்கள். முதல் வரியில் என்டர் போதும். அப்புறமும் எழவில்லை என்றால்தான் ரெக்கவரி மோட். அங்கே வட்டின் கோப்பு அமைப்பைச் சோதித்துச் சரிசெய்யும் 'எஃப்எஸ்சிகே' என்ற வரி இருக்கும். கரண்ட் வெட்டுக்கு ஏற்ற மருந்து அது.

விண்டோஸ் 7 வரைக்கும் 'லாஸ்ட் நோன் குட் கான்ஃபிகரேஷன்' என்று ஒரு வரி இருந்தது. கடைசியாக நன்றாக ஓடிய அமைப்புக்குத் திரும்பு என்று பொருள். எப்போது 'நன்றாக ஓடியது' என்று அது முடிவு செய்தது தெரியுமா? நாம் லாகின் ஆனதும்! லாகின் ஆகி ஒரு நிமிடம் கழித்துத் திரை நீலமாகிப் போனாலும், அதன் கணக்கில் அது நல்ல நாள். பழைய நல்ல நகல் போய்விடும். பரீட்சை ஹாலுக்குள் நுழைந்ததுமே பாஸ் போட்ட மாதிரி.

2024 ஜூலை 19

சேஃப் மோட் எல்லாம் பழைய கதை, இப்போது தேவையில்லை என்று நினைப்பவர்களுக்கு இந்தத் தேதி. நம் நேரப்படி காலை 9.39, பள்ளிகளில் பிரேயர் முடிந்து வகுப்பு தொடங்கும் நேரம். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி உலகம் முழுவதும் ஒரு சின்ன அப்டேட் கோப்பை அனுப்பியது. அதில் பிழை. அதைப் படித்த விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. ரீஸ்டார்ட் ஆகி, திரும்ப அதையே படித்து, திரும்ப விழுந்தன. மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு சுமார் 85 லட்சம் கணினிகள். விமானங்கள் நின்றன. நம் நாட்டில் சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். (கையெழுத்துப் பத்திரிகை நடத்தும் நமக்கு அதில் ஒரு பெருமை!)

ஒன்றரை மணி நேரத்துக்குள் கம்பெனி அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் விழுந்த கணினி எழுந்தால்தானே புதிய கோப்பை வாங்கும்? பெரும்பாலான இடங்களில் ஒரு மனிதர் ஒவ்வொரு கணினியின் முன்னாலும் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்கினார். சேஃப் மோடில் அந்த டிரைவரைக் கூப்பிடுவதில்லை என்பதால்தான் அது முடிந்தது.

அங்கேயும் ஒரு முடிச்சு விழுந்தது. திருட்டுக்குப் பயந்து வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்ட கணினிகள் சேஃப் மோடுக்கு முன்னால் 48 இலக்கச் சாவி எண்ணைக் கேட்டன. அது எங்கே எழுதி வைத்திருக்கிறது என்று தேடுவதற்கே பல அலுவலகங்களில் நேரம் போனது. மெனு அமைப்பவரின் தர்மசங்கடம் இதுதான். வீட்டுக்காரருக்கு எளிதாகத் திறக்கும் பின்வாசல், திருடனுக்கும் எளிதாகத் திறக்கும். லினக்ஸ் ரெக்கவரி மோடில் பல கணினிகளில் பாஸ்வேர்டு கேட்காமலே நிர்வாகி உரிமை கிடைத்துவிடும். அதனால் பள்ளி லேப் என்றால் முதல் வரிக்குப் பாஸ்வேர்டு வேண்டாம், உள்ளே திருத்தும் வரிகளுக்கு மட்டும் பாஸ்வேர்டு போட்டு, அதை ஒரு தாளில் எழுதி ஆசிரியர் பீரோவில் வைக்கலாம் என்பது என் யோசனை. சிலருக்கு இதில் மாற்றுக் கருத்து இருக்கலாம்.

ஏன் தமிழில் இல்லை?

டெஸ்க்டாப் தமிழில் வருகிறது, செல்போன் தமிழில் வருகிறது. பூட் மெனு மட்டும் நான் பார்த்த வரையில் ஆங்கிலம்தான். காரணம் வெறும் அலட்சியம் இல்லை. அந்த நேரத்தில் திரை பழைய எழுத்து முறையில் இருக்கும். குறுக்கே 80, நெடுக்கே 25, ஆக 2000 ஒரே அளவுப் பெட்டிகள். ஒரு பெட்டிக்கு ஓர் எழுத்து. மொத்தம் 256 வடிவங்கள்தான் வழக்கமாகக் கிடைக்கும். நம் எழுத்து 247தானே, அடங்கிவிடுமே என்று கேட்கலாம். ஆனால் ஆங்கில எழுத்தும் எண்களும் அதிலேயே வேண்டும். அதை விடப் பெரிய சிக்கல், 'ர' அடங்கும் பெட்டியில் 'ணை' அடங்காது. 'கொ' எழுத ககரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இதையெல்லாம் அடுக்கித் தரும் நிரல் பின்னால் டெஸ்க்டாப்போடுதான் வருகிறது. புதிய யூஇஎஃப்ஐ கணினிகளில் தொடக்கத்திலேயே படமாக வரைய முடியும். ஆகவே தமிழ் மெனுவைப் படமாகவே எழுதிக் காட்டுவது முடியாத காரியம் இல்லை.

அப்படி ஒன்று நம் லேப்புக்கு எழுதினால் எப்படி இருக்கும் என்று வரைந்து பார்த்தேன். 'சேஃப் மோட்' என்பதைப் 'பாதுகாப்பு முறை' என்று எழுத மனம் வரவில்லை. வைரஸிலிருந்து காப்பாற்றும் ஏதோ ஒன்று என்று நினைத்துவிடுவார்கள். 'எளிய முறை' என்று வைத்திருக்கிறேன்.

எப்போதும் போல் தொடங்கு (10 நொடியில் தானாகத் தொடங்கும்)
என் கோப்புகளைப் பென் டிரைவில் நகல் எடு
எளிய முறையில் தொடங்கு (கோப்புகள் அழியாது, சத்தம், பிரிண்டர், இணையம் இருக்காது)
திரை தெரியவில்லை – பழைய திரை முறையில் தொடங்கு (வீடியோ மெதுவாக ஓடும்)
கரண்ட் போய் வந்தது – வட்டைச் சோதி (நேரம் ஆகும், நடுவில் அணைக்காதே)
வன்பொருளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார் (இந்தத் தடவைக்கு மட்டும், ஆசிரியர் பாஸ்வேர்டு வேண்டும்)

'நகல் எடு' என்பதை ஏன் இரண்டாவதாக வைத்தேன் என்றால், பயந்துபோய் இருப்பவர் முதலில் தேடுவது அதைத்தான். 'வட்டைச் சோதி'யை விட அது மேலே இருப்பது வேண்டுமென்றே. 'ஃபார்மேட்' என்ற வரியைச் சேர்க்கவே இல்லை. தேவைப்பட்டால் சார் சிடி போட்டுச் செய்துகொள்வார்.

கீழே இந்தத் தாளில் நாலு விரல் இடம் காலியாக விட்டிருக்கிறது. 'எளிய முறை'யை விட நல்ல சொல் கிடைத்தாலோ, மெனுவில் விட்டுப்போன வரி தோன்றினாலோ பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், அடுத்தவருக்கும் இடம் வேண்டும்.